மாடி வீட்டுப் பெண்ணின் அட்வான்ஸ்

எங்கள் பிரேசர் டவுன் தெருவில் யார் வீடு காலியாகப் போகிறது, அங்கே யார் வரப்போகிறார்கள் என்பது முதலில் தெரிவது இஸ்திரிக்காரருக்குத்தான். தெருமுனையில் வண்டி போட்டிருக்கிறார். துணி வாங்க வீடு வீடாகப் போகிறவருக்கு எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருக்குமா? இஸ்திரியோடு வீட்டு ப்ரோக்கர் வேலையும் சேர்த்துப் பார்ப்பார். ஒரு மாத வாடகை அவருக்குக் கமிஷன். கொரோனா அடங்கின வருஷம் அவர்தான் அந்தப் பெண்ணை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஆன்ட்டி, மாடிக்கு ஆள் கூட்டியாந்துட்டேன். நைஜீரியா பொண்ணு. நர்சிங் படிக்குது. ரொம்ப நல்ல பொண்ணு, நான் கேரன்ட்டி."

"உனக்கு எத்தினி நாளா தெரியும்ப்பா?"

"இப்பதான் ஆன்ட்டி, பஸ் ஸ்டாப்புல பாத்தேன்."

எனக்குப் புது மனிதர்களிடம் பேச வராது. என் வீட்டுக்காரர் இருந்தவரை குடிவருகிறவர்களிடம் பேசுவது, வாடகை சொல்வது, எல்லாம் அவர்தான். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் போன பிறகு மாடி வாடகையும் அவருடைய பென்ஷனும்தான் எனக்குச் சோறு என்று ஆகிவிட்டதால் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. அன்றைக்கு எப்படி வேண்டாம் என்று சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மா வேறு ஜன்னல் வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பையை ஓரமாக வைத்தாள். இரண்டு முட்டியும் தரையில் பட மண்டிபோட்டு, "குட் ஈவ்னிங், மா" என்றாள்.

நாங்கள் மாதா கோயிலில் பூசையின்போதுதான் மண்டிபோடுவோம். என் முன்னால் ஒரு ஆள் மண்டிபோட்டால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? "எழுந்திரும்மா, எழுந்திரு, உள்ள வா" என்றேன். இஸ்திரிக்காரர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு ஆணியில் மாட்டியிருந்த மாடிச் சாவியைக் கழற்றிவிட்டார்.

பெரியவர்களைக் கண்டால் மண்டிபோடுவது அவர்கள் பக்கத்துப் பழக்கமாம். எது சொன்னாலும் கடைசியில் 'மா' சேர்ப்பதும் அங்கத்திய மரியாதையாம். இது தெரியாமல் கொஞ்ச நாள் அவளுக்குத் தமிழ் வரும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாடிப்படி ஏறும்போதே இஸ்திரிக்காரர் அவளுக்குத் தன்னுடைய இங்கிலீஷில் சட்டதிட்டம் எல்லாம் சொல்லிக்கொண்டு போனார். கீழே நின்ற எனக்குக் கேட்டது.

"வாட்டர் மார்னிங் ஒன்லி. ரென்ட் ஃபர்ஸ்ட் டேட். அட்வான்ஸ் டென் மந்த்ஸ். கோயிங் டைம், பெயிண்டிங் ஒன் மந்த் கட். ஓனர் சே, 'நோ ரென்ட், அட்வான்ஸ்ல கட்', தென் யூ அண்டர்ஸ்டாண்ட். ஃபினிஷ். பேக் யுவர் பேக்."

"யெஸ் சார்" என்றாள் அவள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே.

பெங்களூரில் குடியிருந்தவர்களுக்கு அட்வான்ஸ் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வரும்போது பத்து மாத வாடகையை மொத்தமாகக் கொடுக்க வேண்டும். போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எங்கள் தெருவில் அந்தப் பணத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தவர்கள் உண்டு, மேலே இன்னொரு மாடி எடுத்தவர்கள் உண்டு. பழைய ஆளுக்குத் திருப்பிக் கொடுக்கப் புது ஆள் வரும்வரை இழுத்தடிப்பார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் வாங்கினதும் பேங்கில் டெபாசிட் போட்டுவிடுவார். "அது நம்ம பணம் இல்லடி. நம்மகிட்ட தங்கி இருக்கற பணம்" என்பார். சாவி வருகிற அன்றே அட்வான்ஸும் போக வேண்டும் அவருக்கு. அவர் போன பிறகும் நான் அதை மாற்றவில்லை.

அவள் அந்த அட்வான்ஸை ஒரே தடவையாகக் கொடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் கொஞ்சம் நோட்டோடு கீழே இறங்கி வருவாள், மண்டிபோடுவாள், கொடுப்பாள், போவாள். அவளுடைய அப்பாவுக்கு அங்கே துணிக்கடை. அவர் அவர்கள் ஊர் பேங்கில் அவள் பெயரில் பணம் போடுவார், இவள் இங்கே கார்டு போட்டு எடுப்பாள். மெஷின் ஒரு தடவைக்கு இவ்வளவுதான் தரும். ஒவ்வொரு தடவைக்கும் கூலி வேறு பிடித்துக்கொள்ளும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் ஐந்து மாதம் போதும் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்ல வாய் வந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

எனக்கும் ஒரு கார்டு இருந்தது, பென்ஷன் எடுக்க. முதலில் ஓசூரிலிருந்து மகள் வந்து எடுத்துக் கொடுப்பாள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவளால் மாதாமாதம் வர முடியவில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தமிழ் வாசிப்பேன், கன்னடத்தில் பஸ் போர்டு வாசிப்பேன். மெஷின் கேட்பது புரியாமல் இல்லை, பின்னால் ஆட்கள் நின்றால் எனக்குக் கை ஓடாது. ஒருநாள் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் போய், பின்னால் நின்றவர் "பேக ஆகலி அம்மா" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினதும் கார்டை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அப்போது அவள் வரிசையில் நின்றிருந்தாள். என் கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே கூட்டிக்கொண்டு போய், எனக்கும் வரிசைக்கும் நடுவில் கதவு மாதிரி நின்றுகொண்டாள். நல்ல உயரமான பெண். அவளுக்குப் பின்னால் நின்றால் நான் யார் கண்ணுக்கும் தெரியமாட்டேன்.

"ஸ்லோ ஸ்லோ, மா" என்றாள்.

அதிலிருந்து மாதம் பிறந்தால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். முதலில் அவள் எடுப்பாள், பிறகு நான். எடுத்துக்கொண்டு பக்கத்து பேக்கரிக்குப் போவோம். தில்பசந்த் வாங்குவோம். நம்ம ஊர் பேக்கரிகளில் இருக்குமே, உள்ளே தேங்காயும் சர்க்கரையும் கலர் கலராகப் பழத்துண்டும் வைத்த வட்டமான பெரிய பன், சப்பாத்திக்கல் அகலத்துக்கு. முழுசு ஒன்று வாங்கி நாலாக வெட்டச் சொல்வாள். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு, ஒன்று இஸ்திரிக்காரருக்கு, ஒன்று ராத்திரி படிக்கும்போது தின்ன. காசு அவள்தான் கொடுப்பாள். நான் பர்ஸைத் திறந்தால், "நோ மா, மை ஃபாதர் ட்ரீட்" என்பாள். கடல் தாண்டி இருக்கிற ஒரு துணிக்கடைக்காரர் எனக்கு மாதாமாதம் தில்பசந்த் வாங்கிக் கொடுத்தார் என்று நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பாக இருக்கிறது.

நல்ல நாட்கள் அவை. காவிரித் தண்ணீர் வந்தால் மேலிருந்து "மா, தண்ணி வந்துச்சு!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்துவாள். நேந்திரம் பழத்தை வட்டவட்டமாக நறுக்கி எண்ணெயில் பொரித்துக் கொண்டுவருவாள். அவர்கள் ஊர்ச் சிவப்பு எண்ணெய் ஒன்று உண்டு. அந்த வாசனை தெருவுக்கே வரும். எதிர்வீட்டு அம்மா என்னிடம் வந்து, "உங்க மாடியில இன்னா பொணமா எரிக்கறாங்க?" என்று கேட்டார். அன்றைக்கு நான் கருவாடு வறுத்திருந்தேன். வாசனை என்னுடையதுதான் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். மேலே போய் அவளிடம் இதைச் சொன்னதும் அவள் கட்டிலில் விழுந்து சிரித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்து அந்தக் கருவாட்டை முழுக்கத் தின்றுவிட்டுத்தான் போனாள்.

அவள் பணம் எடுக்கும்போது மெஷின் ஒரு கேள்வி கேட்கும், எனக்குக் கேட்காத கேள்வி. உன் ஊர்ப் பணத்தை இந்த விலைக்கு மாற்றித் தருகிறேன், சரியா, என்று. அவள் ஒவ்வொரு தடவையும் சரி என்று அழுத்திவிடுவாள். ஒருநாள் கூடப் படிக்கிற பெண் யாரோ சொல்லிவிட்டாள், அது மெஷின் தானாக வைக்கிற விலை, ரொம்ப மட்டம், வேண்டாம் என்று அழுத்தினால் உன் பேங்க் விலைக்கே பணம் வரும் என்று. அடுத்த மாதம் போனோம். கேள்வி வந்தது. அவள் விரலை நீட்டினாள், எடுத்தாள், மறுபடி நீட்டினாள்.

"மா, நோ சொன்னா கார்டு சாப்ட்டுடும்?"

"எனக்கென்ன தெரியும் கண்ணு."

"அப்பா பணம் மொத்தம் அது உள்ள மா."

வேண்டாம் என்று மனிதர்களிடம் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமோ, அவ்வளவு கஷ்டம் அவளுக்கு அந்த மெஷினிடம். பின்னால் வரிசை வேறு. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது. பணமும் வந்தது, கார்டும் வந்தது. வெளியே வந்து அவள் தெருவிலேயே ஒரு ஆட்டம் ஆடினாள். அன்றைக்கு தில்பசந்தோடு முட்டை பப்ஸும் வாங்கினோம். இத்தனை மாதம் சரி சரி என்று அழுத்தி அந்த மெஷினுக்கு எத்தனை பப்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

அவள் கடைசி வருஷம் படிக்கும்போதுதான் அவர்கள் ஊர்ப் பணம் விழ ஆரம்பித்தது. எனக்கு அது பேக்கரியில்தான் தெரிந்தது. ஒரு மாதம் முட்டை பப்ஸ் நின்றது. அடுத்த மாதம் முழு தில்பசந்துக்குப் பதிலாகப் பாதி வாங்கினாள். அதற்கடுத்த மாதம் கால்.

"அப்பா கடையில யாவாரம் இல்லியா?" என்று கேட்டேன்.

"யாவாரம் இருக்கு மா. அப்பா சேம் பணம் போடறார். எப்பவும் சேம்." கையில் இருந்த கால் தில்பசந்தை இரண்டாகப் பிய்த்து எனக்கு ஒன்று கொடுத்தாள். "அங்க இவ்ளோ போட்டா, இங்க வர்றப்போ இவ்ளோதான் மா."

எனக்கு அது விளங்கவே இல்லை. பெட்டியில் வைத்த பணத்தை யாரும் தொடாமல் எப்படிக் குறையும்? திருடன் இல்லை, செலவு இல்லை. அந்த மனிதர் கடையில் நின்று கால் கடுக்கத் துணி கிழித்து விற்றுப் போட்ட காசு, வழியிலேயே கரைந்துபோகிறது என்றால் யாரைப் போய்க் கேட்பது?

பிறகு ஒரு மாதம் கார்டு வேலையே செய்யவில்லை. அவர்கள் ஊரில் வெளிநாட்டில் பணம் எடுப்பதை நிறுத்திவிட்டார்களாம். மெஷின் ஒரு சீட்டைத் துப்பியது. அவள் இன்னொரு தடவை போட்டாள், இன்னொரு சீட்டு. பின்னால் நின்ற ஆள், "கொஞ்சம் சீக்கிரம்மா, நாங்கல்லாம் நிக்க வேணாமா?" என்றார். அன்றைக்கு அவள் கதவு மாதிரி நிற்கவில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பேக்கரிப் பக்கம் நாங்கள் போகவில்லை.

காலேஜில் கடைசி ஃபீஸ் கட்டினால்தான் பரீட்சைக்கு ஹால் டிக்கெட். கட்டாவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். இன்னொரு வருஷம் இங்கே இருந்து படிக்க, கரைந்துபோகிற அந்தப் பணத்துக்குச் சக்தி இல்லை. படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். இதை அவள் என்னிடம் அழாமல் சொன்னாள். தண்ணீர் பிடித்துக்கொண்டே, குடம் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

எனக்கு இரண்டு நாள் மனசு கேட்கவில்லை. வாடகையாவது கேட்காமல் இருக்கலாம். ஆனால் இனாமாக இரு என்று சொன்னால் அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள், எனக்கும் வாடகை இல்லாமல் முடியாது. யோசித்து யோசித்து, ஒரு காலையில் அவள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது பாதிப் படியில் நின்றுகொண்டு சொன்னேன்.

"கண்ணு, இனிமே நீ வாடகை தர வேணாம். அட்வான்ஸ்லயே கழிச்சுக்கலாம்."

அவள் கையில் இருந்த ஈரத் துணியோடு அப்படியே நின்றாள். "ஓகே, மா" என்றாள். "தேங்க் யூ, மா."

நல்லபடியாகச் சொல்லிவிட்டேன் என்று நிம்மதியாக இறங்கி வந்தேன்.

அன்றிலிருந்து மேலே சத்தம் குறைந்துவிட்டது. தண்ணீர் வந்தால் கத்தமாட்டாள், தானே வந்து பிடித்துக்கொண்டு போவாள். எண்ணெய் வாசனை இல்லை. பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நினைத்தேன். மளிகைக் கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தபோதுகூட, புத்தகம் அடுக்கப்போகிறாள் போல என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன், என் வீட்டு மாடிப்படியில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் நிற்கிறது. புருஷன், பெண்சாதி, மாமியார். புருஷன் கையை விரித்துப் படியின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார். முன்னால் இஸ்திரிக்காரர்.

"வாங்க ஆன்ட்டி. இவங்க ஒக்கலிபுரத்துலருந்து வராங்க, நல்ல ஃபேமிலி. இவங்க பீரோ ஏறுமான்னு பாக்கறாங்க."

"எதுக்கு?"

"இன்னா ஆன்ட்டி எதுக்குன்றீங்க. மாடி காலியாவுதுல்ல?"

"யாரு சொன்னது?"

"அந்தப் பொண்ணேதான் சொல்லுச்சு. ஆன்ட்டி அட்வான்ஸ்ல கழிக்கறேன்னு சொல்ட்டாங்க, நான் கௌம்பறேன்னு. ரூலு நான்தான் அதுக்குக் கத்துக் கொடுத்தேன், கரெக்டா ஞாபகம் வெச்சிருக்குது பாருங்க! பாவம், கண்ணுல தண்ணி. நான்தான் சொன்னேன், அழாதம்மா, சாவியக் குடுத்தா மிச்ச அட்வான்ஸு கைக்கு வரும், அதுல ஃபீஸு கட்டிடுன்னு."

என் தலையில் யாரோ தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. நான் அவளை இருக்கச் சொன்னது, அவள் காதில் போகச் சொன்னதாக விழுந்திருக்கிறது. அவள் மேல் என்ன தப்பு? இந்த ஊரில் வீட்டுச் சொந்தக்காரர்கள் யாரும் வாயால் போ என்று சொல்வதில்லை. அட்வான்ஸில் கழிக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். நானே எத்தனை பேரை என் வீட்டுக்காரர் அப்படி அனுப்பிக் கேட்டிருக்கிறேன், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

மாமியார்க்காரி என்னைப் பார்த்து, "பூஜை ரூம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"வீடு காலி இல்ல" என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "காலி இல்லப்பா" என்று இன்னொரு தடவை சொன்னேன். "இவங்கள கூட்டிட்டுப் போ."

"அரே ஆன்ட்டி, பேசி வெச்சிட்டேனே..."

"போப்பா!"

முட்டிவலியோடு நான் அந்தப் படிகளில் முழுசாக ஏறி வெகு நாளாகியிருந்தது. மேலே போனால், அறை முழுக்கப் பெட்டி. கட்டில் மேல் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மண்டிபோட வந்தாள்.

"மொதல்ல எழுந்திரு. யாரு உன்ன போகச் சொன்னது?"

"நீங்க மா." மரியாதையாகத்தான் சொன்னாள். "அட்வான்ஸ்ல கழிக்கிற. ஐ அண்டர்ஸ்டாண்ட், மா. உங்களுக்கு வாடகை வேணும்."

"ஐயோ, நான் உன்ன இருக்கச் சொன்னேன்டி!"

அவளுக்கு அதை விளங்கவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தமிழில் பாதி, எனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில் பாதி, கையால் மீதி. கடைசியில் விளங்கியது. சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"பரவால்ல மா. போறதும் நல்லது. சாவி குடுத்தா அட்வான்ஸ் வரும். ஃபீஸ் கட்டலாம். ஹாஸ்டல்ல ஒரு பெட் இருக்கு, கோத்தனூர் தாண்டி."

"ஒரு ரூம்ல எத்தினி பேரு?"

"நெறைய" என்றாள். "படிக்க மொட்டைமாடி போலாம்னு சொல்றாங்க. லைட் இல்ல."

நான் சுருட்டி வைத்த மெத்தைமேல் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இதற்குள் எனக்கு விலை ஏறுவதும் இறங்குவதும் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. அவள் அப்பா இப்போது போடுகிற பணமெல்லாம் சுருங்கிப்போகிறது. அன்றைக்கு, அவர்கள் பணத்துக்கு மதிப்பு இருந்தபோது, தினம் சாயங்காலம் மெஷினில் எடுத்து என் கையில் கொடுத்தாளே, அது மட்டும் ரூபாயாக மாறி, என் வீட்டுக்காரர் பழக்கப்படி பேங்கில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அந்த மனிதர் மகளுக்கு அனுப்பினதிலேயே சுருங்காமல் முழுசாக இருப்பது அது ஒன்றுதான். அதை அவள் தொட வேண்டும் என்றால் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று நாங்களாக ஒரு சட்டம் வைத்திருக்கிறோம்.

"நாளைக்குக் காலேஜுக்கு லீவு போடு" என்றேன். "பேங்க் போகணும்."

பேங்கில் டெபாசிட்டை முறிக்க வேண்டும் என்றதும் கவுன்ட்டரில் இருந்த பெண் என்னையும் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்ற அவளையும் பார்த்தார். என்னை மட்டும் உள்ளே மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். வயசானவர்களை ஏமாற்றிப் பணம் பிடுங்குவது இப்போது அதிகமாம், அதனால் கேட்கிறார்களாம். "யாராதரூ ஹெதரிஸ்தா இதாராம்மா?" என்று மேனேஜர் மெதுவாகக் கேட்டார். யாராவது பயமுறுத்துகிறார்களா என்று. கேட்டது நல்லதற்குத்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணாடிக்கு வெளியே அவள் நிற்கிறாள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல சார்" என்றேன். அவளுக்கும் கேட்கட்டும் என்று கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டேன். "அவ என் மாடி வீட்டுப் பொண்ணு. அது அவ பணம் சார். நான் வெச்சிருந்தேன், அவ்ளோதான்."

ஃபீஸ் கட்டியாகிவிட்டது. பெட்டிகளைப் பிரித்து, பாத்திரங்களைத் திரும்ப அடுக்கினாள். இஸ்திரிக்காரர்தான் வெகு நாள் ஆறவில்லை. "பெங்களூர்லயே அட்வான்ஸ் இல்லாத வீடு நம்ம ஆன்ட்டி வீடுதான். யார்கிட்டயும் வெளிய சொல்லாதீங்க, என் யாவாரம் படுத்துடும்" என்பார். எதிர்வீட்டு அம்மா, "ராவோட ராவா பெட்டிய தூக்கிட்டுப் போயிட்டா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். சொல்லாமல் ஓடிப்போகிறவள் தண்ணீர் வந்தால் ஏன் இப்படித் தொண்டை கிழியக் கத்தப்போகிறாள்?

அந்த மாதங்களில் எங்களுக்கு ஒரே அடுப்புதான் எரிந்தது. மேலே கேஸ் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலையில் என் இட்லி, சாயங்காலம் அவள் மிளகுக் குழம்பு. கூடத்து விளக்கடியில் அவள் எலும்புக்கூட்டுப் படம் போட்ட புத்தகத்தை விரித்து வாய்விட்டுப் படிப்பாள். ஒரு வார்த்தை புரியாமல் நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். பரீட்சை எழுதினாள், தேறினாள். அதற்குள் அவர்கள் ஊரிலும் கார்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டார்கள். வாடகை துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. முதல் தடவை பணம் வந்த அன்று பேக்கரிக்குப் போனோம். கால் தில்பசந்துதான். பரவாயில்லை.

ஊருக்குப் போவதற்கு முந்தின வாரம் ஒரு சின்ன டப்பா பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"இது எதுக்குடி?"

"பெயிண்டிங் ஒன் மந்த் கட்" என்றாள் இஸ்திரிக்காரர் குரலில். "கட் பண்ண அட்வான்ஸ் இல்ல மா. அதான் நானே."

மஞ்சள். நேந்திரம் பழம் நல்லாப் பழுத்தால் இருக்குமே, அந்த மஞ்சள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் கீழ்ப்பாகம் அடித்தேன். கதவுக்குப் பின்னால் வரும்போது டப்பா தீர்ந்துவிட்டது. இன்னொன்று வாங்கக் காசு இல்லை. "கதவ தொறந்து வெச்சா தெரியாது மா" என்றாள்.

ஏர்ப்போர்ட்டுக்கு டாக்ஸி வந்தபோது வாசலில் மண்டிபோட்டாள். எதிர்வீட்டு ஜன்னலில் ஆள் இருந்தது. எனக்கு அன்றைக்குக் கூச்சமாக இல்லை. அவள் தலைமேல் கை வைத்தேன். எழுந்து ஒரு கையால் சாவியைக் கொடுத்தாள். இன்னொரு கையை வீட்டுச் சொந்தக்காரரிடம் நீட்டுவார்களே, அப்படி நீட்டினாள்.

"அட்வான்ஸ், மா?"

நானும் தயாராகத்தான் இருந்தேன். காலையிலேயே பேக்கரிக்குத் தனியாகப் போய், கேட்டு வாங்கி வந்து வைத்திருந்தேன். பேப்பர் சுற்றி நூல் கட்டின முழு தில்பசந்தை அவள் கையில் வைத்தேன். வெட்டாதது.

இப்போது மாடியில் வேறு குடித்தனம். வெள்ளை அடித்தால் வாடகை ஏற்றலாம் என்று இஸ்திரிக்காரர் வருகிறபோதெல்லாம் சொல்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.